பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல்

சாவு வீட்டில் பெட்டி தூக்க ஆள் சேர்க்கும்போது முதலில் பார்ப்பது பலத்தை இல்லை, உயரத்தை. முன்னால் இரண்டு பேர், நடுவில் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். எதிரெதிராக நிற்கிற இருவரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒரு தோள் தாழ்ந்தால் பெட்டி சாயும். சாய்ந்தால் உள்ளே இருப்பவர் நகர்வார். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் பிறகு உயரத்தில் அலட்சியம் காட்டமாட்டான்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த எங்கள் மாதா கோயிலில் என் உயரத்துக்குச் சரியாக ஒரே ஒருவர்தான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் வீடு. என்னைவிடச் சில வயது மூத்தவர். அவரை நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை "வே" என்பார். நாங்கள் இருவரும் நெட்டை என்பதால் எங்களுக்குப் பின்பக்கம். பெட்டியில் கால் முன்னால் போகும், தலை பின்னால் வரும். தலைப் பக்கம்தான் கனம்.

நான் அதிகம் பேசாதவன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரக்கூட யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்தவனிடம் யாரும் வந்து நலம் விசாரிப்பதில்லை. ஊரே பார்க்கிற இடத்தின் நடுவில், யாரும் பார்க்காத ஆளாக நடக்கலாம். ஊருக்குள் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

கோயில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம். நடுவில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தாலும் பெட்டியைத் தரையில் இறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்போம். அந்த இடத்தில் ரோடு தேய்ந்து, கல் பெயர்ந்து, தண்டவாளம் மேலே துருத்திக்கொண்டிருக்கும். பெட்டி தூக்குகிறவனால் கீழே பார்க்க முடியாது. பெட்டி அவன் தலையை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். முன்னால் போகிறவரின் முதுகு பாதையை மறைத்திருக்கும். காலே தெரிந்து தூக்க வேண்டும், காலே தெரிந்து வைக்க வேண்டும். அதுவரை என் கால் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. அதை ஒரு வேலையாக நான் நினைத்ததே இல்லை.

எனக்குத் தொழில் மொசைக் தரை போடுவது. எண்பதுகளில் வானகரம், பாரிவாக்கம், பூந்தமல்லி ரோட்டு ஓரம் எல்லாம் வயல்கள் வீடாகிக்கொண்டிருந்தன. புது வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் மொசைக் வேண்டும். காலையில் குந்தினால் சாயங்காலம் வரை குந்திய நிலைதான். கல் சில்லு கலந்து பரப்புவது, காய்ந்த பிறகு தேய்ப்பது, கழுவுவது, மறுபடி தேய்ப்பது. நாற்பதைத் தொடும் முன்பே இரண்டு முட்டியும் வீங்கின. எழுந்தால் உள்ளே மணல் அரைபடுவதுபோல நறநறக்கும். வலது முட்டிதான் மோசம். வலி பழகிவிட்டது. அதைப் பற்றி நான் எழுத உட்காரவில்லை.

வலிக்குப் பின்னால் வேறொன்று வந்தது. கோயிலில் முழந்தாளிடும்போது, நான் எதிர்பார்த்ததற்கு முன்பே தரை வந்து முட்டியில் இடிக்கும். மாடிப்படியில் கடைசிப் படி முடிந்த பிறகு இன்னொரு படிக்குக் காலைத் தூக்குவேன். ஈரத் தளத்தின் மேல் பலகை போட்டு அதில் நடப்போம். பலகையில் வைத்ததாக நினைத்த வலது கால் தளத்தில் புதைந்திருக்கும். திரும்பிப் பார்த்தால் என் அடிச்சுவடு அங்கே இருக்கும், வேறு யாரோ நடந்ததுபோல.

"இன்னா நைனா, பீச்சாண்ட நடக்கறாப்ல நடக்கற? கண்ணு முதுகுலயா கீது?" என்று மேஸ்திரி கத்துவார்.

"கால் வழுக்கிச்சு மேஸ்திரி."

"வழுக்குனா உளுந்திருப்பியே. நீ பாட்டுக்கு ராசா மாரி நின்னுகினு கீற!"

அவர் சொன்னது சரி. கால் வழுக்கவில்லை. கால் அங்கே இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சைக்கிள் கடைக்காரர் இறந்தார். கோயில் தெரு முனையில் கடை வைத்திருந்தவர். மகனோடு சண்டை; மகன் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடம். சாவுக்குச் சொல்லி அனுப்பியும் அவன் வரவில்லை. பெட்டியை எடுத்து, கேட் வரை நன்றாகத்தான் வந்தோம். முதல் தண்டவாளத்தில் நான் வலது காலைத் தூக்கினேன். தூக்கினேன் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் கால் தண்டவாளத்தில் இடித்தது. முட்டி மடங்கியது. பெட்டி என் பக்கம் சாய்ந்து, உள்ளே அவர் நகர்ந்து, பலகையில் தட்டென்று ஒரு சத்தம். அது என் காதுக்குப் பக்கத்தில்.

ஊர்வலம் நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஓலம் எழும்பியது.

"மவன் வர்ல இல்ல, அதான்யா! தாண்ட மாட்டேங்கறாரு!"

"சித்த நேரம் பாக்கலாம்ப்பா. பஸ்ல கிஸ்ல வந்துகினு இருப்பான்."

"நேத்தே வராதவன் இப்பவா வரப் போறான்? கேட்டப் போட்டுருவான்பா, நடங்க!"

கேட்மேன் கொடியை ஆட்டிக் கத்தினார். பங்குச் சாமியார் திரும்பி வந்து, இதெல்லாம் மூடநம்பிக்கை, நடங்கள் என்று அதட்டினார். யாரும் நகரவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வராத ஒரு மகனுக்காகக் காத்திருந்தோம். கடைசியில் இறந்தவரின் தங்கை பெட்டிக்கு அருகில் வந்து, "அண்ணே, அவன் வரமாட்டாண்ணே, நீ போ" என்றாள். அதன் பிறகு நடந்தோம்.

எல்லோரையும்போல நானும் நம்பினேன். மற்றவர்களைவிட அதிகமாக நம்பினேன். அவர்கள் பெட்டி சாய்ந்ததைத்தான் பார்த்தார்கள். கால் என் வசத்தில் இல்லாமல் போனது எனக்குத்தானே தெரியும். சைக்கிள் கடைக்காரர் என் முட்டியைப் பிடித்தார், இன்னும் விடவில்லை என்று நினைத்தேன். வீட்டில் சொன்னேன். மனைவி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"உனுக்கு இன்னாய்யா அவரு? பங்காளியா? எத்தினி பேரத் தூக்கிக்கீற, அவரு மட்டும் எதுக்கு உன் கால புடிக்கணும்?"

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் வாங்கிவந்து முட்டியில் தடவி, மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டினாள். கட்டியிருக்கும்போது கால் கொஞ்சம் என்னுடையதாக இருந்தது. அவிழ்த்ததும் போய்விட்டது. அது எண்ணெயின் வேலை என்றே இருவரும் நினைத்தோம்.

அடுத்த சாவுக்கு நான் பயந்துகொண்டுதான் போனேன். வரமாட்டேன் என்று சொல்லக் கூச்சம். கேட் வந்தது. அப்போது ஒரு குரல் கேட்டது. மெதுவாக, மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல.

"தூக்கு."

என் கால் தூக்கியது.

"இன்னும். ஆங். பைய வை."

கால் வைத்தது. தண்டவாளத்தைத் தாண்டிவிட்டேன். நான் நினைத்தேனா, கால் தானாகச் செய்ததா என்று தெரியவில்லை. மறுபடி "தூக்கு" என்றது. மறுபடி தூக்கினேன். கல்லறை வரை என் பிடரியில் மயிர் குத்திட்டு நின்றது. பெட்டியில் இருந்தது ஒரு ஓய்வுபெற்ற நர்ஸம்மா. அந்தக் குரல் ஆணா பெண்ணா என்று யோசிக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்தடுத்த சாவுகளிலும் அது வந்தது. யார் உள்ளே இருந்தாலும் அதே குரல். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது அண்ணாச்சிதான். "எண்ணெயத் தடவிக்கிட்டே கெடந்தா முட்டி சரியாயிருமாவே?" என்று திட்டினார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போனேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, முட்டித் தேய்மானம் என்றார். பயிற்சி சொல்லித்தருகிற அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா சின்ன வயது. என்ன தொந்தரவு என்று கேட்டபோது, வலியைச் சொன்னேன். பிறகு, எங்கிருந்து வந்ததோ துணிச்சல், "கால் எங்க கீதுன்னு சில நேரம் தெர்ல" என்றும் சொன்னேன்.

உயரமான மேஜை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார்.

"கண்ண மூடிக்கோங்க. உங்க கால நான் ஒரு இடத்துல நிறுத்துறேன். அந்த இடத்த மனசுல வெச்சுக்கோங்க. அப்புறம் கீழ விட்டுருவேன். நீங்களே தூக்கி அதே இடத்துல நிறுத்தணும். அவ்வளவுதான்."

இது ஒரு வேலையா என்று இருந்தது. காலை உயர்த்திப் பிடித்தார். நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன். கீழே விட்டார். நான் தூக்கி, அதே இடத்தில் நிறுத்தினேன்.

"இங்கதானா?"

"இங்கதாம்மா."

"கண்ணத் தொறந்து பாருங்க."

அவர் கை மேலே, முதலில் நிறுத்திய இடத்தில் இருந்தது. என் கால் அதற்கு வெகு கீழே தொங்கியது. கண்ணை மூடியபோது நான் தெளிவாகப் பார்த்த கால், நீட்டி, நேராக, அவர் கையைத் தொடும் உயரத்தில் இருந்த கால், அங்கே இல்லை. அங்கே காற்றுதான் இருந்தது.

மறுபடி செய்தோம். மறுபடி அப்படித்தான்.

"கண்ண மூடிக்கிட்டு சாப்பிட்டாலும் கை வாய்க்குத்தானே போகுது? காதுக்குப் போறதில்லையே. மூட்டு எந்த வாகுல இருக்குன்னு உள்ளேருந்து ஒரு சேதி போய்க்கிட்டே இருக்கும். மூட்டுத் தேஞ்சு, சுத்தியிருக்கற சதையும் பலம் கொறஞ்சுட்டா அந்தச் சேதி மங்கிப் போகும். எல்லாருக்கும் இவ்வளவு இருக்காது. உங்களுக்கு இருக்கு."

துணியால் இறுக்கிக் கட்டினால் தோலும் சதையும் கொஞ்சம் சேதி சொல்லும், அதனால்தான் கட்டியபோது நன்றாக இருந்தது என்றார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிக்கொடுத்தார். கனம் தூக்க வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது கேட்டேன். "அப்ப, என் கால யாரும் புடிக்கலியாம்மா?"

"யாரு புடிக்கறது?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பேய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். திரும்பி வரும் ரயிலில் அது வரவில்லை. யாரோ பிடித்திருந்தால் விடச் சொல்லிக் கேட்கலாம். பூசை வைக்கலாம், மன்றாடலாம். அங்கே யாருமே இல்லை, நான்கூட இல்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? கம்பார்ட்மெண்டில் உட்கார்ந்து என் வலது முட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணை எடுத்தால் போய்விடும் என்பதுபோல.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சைக்கிள் கடைக்காரரையும் சேர்த்து. குவார்ட்டர்ஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ, அது எனக்கு அன்னைக்கே தெரியும்வே. உம்ம காலு உம்ம பேச்சக் கேக்கல. சரி, நம்ம பேச்சயாவது கேக்கட்டும்னுதானே அதுக்குப் பொறவு கொரல் குடுத்துக்கிட்டு வாரேன்."

"நீங்களா அது?"

"பின்ன?"

"நடுவுல பெட்டி கீதா, உங்க மூஞ்சி தெர்ல. உள்ள இருக்கறவங்க பேசறாங்கன்னு நென்சிகினு இருந்தேன் அண்ணாச்சி."

அவருக்குச் சிரிப்பு இருமலாகிவிட்டது. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த மனைவியிடம் சொன்னார்: "ஏளா, இங்க கேளு! உயிரோட இருக்கவன்கிட்டயே பேசாத மனுசன், இவருகிட்ட செத்தவன் வந்து பேசுவானாம்லா!"

அதன் பிறகு அது எங்கள் ஏற்பாடாகிவிட்டது. அவர் சொல்வார், நான் தூக்குவேன். சில வருடங்கள் அப்படிப் போயின. பெட்டி ஒருமுறைகூடச் சாயவில்லை. ஆனால் குரல் யாருடையது என்று தெரிந்த பிறகும், பெட்டிக்கு அடியில் நிற்கும்போது அது மரத்துக்குள்ளிருந்துதான் வந்தது.

தொண்ணூறுகளில் அண்ணாச்சிக்கு உடம்பு முடியாமல் போனது. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, கை கால் குச்சியாகிவிட்டன. பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னத் தூக்கும்போது தலைப் பக்கம் நீருதான் நிக்கணும், பாத்துக்கிடும்."

"அதெல்லாம் இன்னா பேச்சு அண்ணாச்சி."

"சொல்லுதேன்லா. நான் நின்ன பக்கத்துக்கு எவனையாவது ஒசரம் பாத்து நிறுத்தும்."

"கொரல் யாரு குடுப்பாங்க?"

"நாந்தான் உள்ள இருப்பேனே. பலகையத் தட்டுதேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு, சிரிப்பு இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தண்டவாளத்துல போட்டுறாதேயும்வே."

சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து குவார்ட்டர்ஸ் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் தெரிந்தது, இரண்டையும் சேர்த்து ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று. தலைப் பக்கம் நிற்க வேண்டும். போடவும் கூடாது.

வேலை இல்லாத மதியங்களில் கேட்டுக்குப் போனேன். பெட்டி இருப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, கீழே பார்க்காமல் தண்டவாளத்தைத் தாண்டிப் பார்த்தேன். சில தடவை கால் சரியாகப் போகும். சில தடவை இரும்பில் இடிக்கும். எப்போது எது என்று முன்கூட்டித் தெரியவில்லை. கேட்மேன் கூண்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"யோவ், சாவறதுக்கு உனுக்கு என் கேட்தான் கெட்ச்சுதா? ஊட்டுக்குப் போய்யா!"

அவர் துரத்தினாலும் மறுநாள் மறுபடி போனேன். ஒருநாள் அப்படித் தாண்டும்போது, "தூக்கு" என்று காதில் கேட்டது. கால் அருமையாகத் தூக்கித் தாண்டியது. உடனே ஓட முடிந்த வேகத்தில் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். மார்பு ஏறி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு கதவருகில் நின்றுவிட்டு வந்தேன்.

சில வாரங்களில் அவர் போய்விட்டார்.

ஜெபம் முடிந்து பெட்டியை மூடியதும், தூக்க ஆள் நிறுத்துகிற கோயில் உபதேசியார் வழக்கம்போல என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். தலைப் பக்கம் இடது மூலை காலியாக இருந்தது. மறுபக்கத்தில் அண்ணாச்சியின் தம்பி மகன் நின்றான். நெட்டைப் பையன், நல்ல உயரம். நான் பெட்டி வரை போனேன். மரத்தில் கையை வைத்தேன். பிறகு திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் மனைவியிடம் போனேன்.

"அண்ணி, நான் தூக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் முட்டி எங்க கீதுன்னு எனுக்கே தெரியாது அண்ணி. தண்டவாளத்தாண்ட போட்டுருவேன்."

அத்தனை பேருக்கு நடுவில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. என் காதெல்லாம் எரிந்தது. தொழிற்சாலைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "இத்தினி வருசம் தூக்கசொல்ல தெரிஞ்ச காலு, கூட்டாளியத் தூக்கசொல்ல தெரிலயாமா?" என்றார். யாரோ அவரை அடக்கினார்கள்.

"அவரு சொல்லுவாரு. நான் தூக்குவேன். அவ்ளோதான்" என்றேன்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்ககிட்ட அப்படிக் கேட்டுட்டமேன்னு அவியளும் கெடந்து பொலம்புனாவ. சரி. நீங்க தூக்காண்டாம். கூடவே போங்க. அவிய ஒங்களுக்குச் சொன்ன மாதிரி இந்தப் பயலுவளுக்குச் சொல்லுங்க."

என் இடத்தில் வேறொரு இளைஞன் நின்றான். இருவருக்கும் இது புதுசு. நான் பெட்டியின் பக்கத்தில், தலைப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்தேன். கேட் மூடியிருந்தது. வழக்கப்படி யாரும் இறக்கவில்லை. பெட்டி தோளில் இருந்தபடியே நின்றது. சரக்கு வண்டி ஒன்று மெதுவாகப் போனது. அதன் அதிர்வு தரையிலிருந்து ஏறி, தூக்கியவர்கள் உடம்பு வழியாகப் பெட்டிக்குப் போய், என் உள்ளங்கைக்கு வந்தது. பலகையைத் தட்டுவதுபோலத்தான் இருந்தது. கையை எடுக்கவில்லை.

கேட் திறந்தது. முன்னால் போனவர்கள் தாண்டினார்கள். பின்னால் இருந்த பையன்கள் தண்டவாளத்தை நெருங்கினார்கள். எனக்குக் குரல் வரவில்லை. தம்பி மகனின் கால் இரும்புக்கு ஒரு சாண் முன்னால் தயங்குவதைப் பார்த்தேன்.

"தூக்கு!"

இரண்டு கால்களும் ஒன்றாக எழுந்தன.

"இன்னும். ஆங். பைய வை."

பைய என்பது என் ஊர்ப் பேச்சே இல்லை. என் வாயிலிருந்து அது அப்படித்தான் வந்தது. அடுத்த தண்டவாளம். அடுத்த பாதை. பெட்டி மட்டமாகப் போனது, நான் தேய்த்த தரைகள் எதுவும் அவ்வளவு மட்டமாக இருந்ததில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் கவனித்துக் கேட்டேன். ஒரு சத்தமாவது வராதா என்றுகூடக் காதைக் கொடுத்தேன்.

அவர்கள் கடைசித் தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்கள். கை பலகையிலிருந்து நழுவியது. அவர்கள் கால்களையே பார்த்து வந்தவன், என் காலைத் தூக்க மறந்து இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. பாட்டுச் சத்தம் தூரமானது. நான் தலையை நிமிர்த்தி, வழக்கம்போலக் கீழே பார்க்காமல், காத்துக்கொண்டு நின்றேன்.

"யோவ், மறுபடியும் நீயா? கேட் போடணும், தாண்டுய்யா!"

கேட்மேன் குரல்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். இரும்புக்குப் பக்கத்தில் ஒரு கால் இருந்தது. செருப்பின் வாரைப் பார்த்து அது என்னுடையது என்று தெரிந்துகொண்டேன். அதைக் கண்ணாலேயே தூக்கி, கண்ணாலேயே அந்தப் பக்கம் வைத்தேன்.

கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை இறக்கிவிட்டிருந்தார்கள். சாமியார் ஜெபத்தை ஆரம்பித்ததும் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு முட்டியை மடக்கினேன். தரை இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் வந்துவிட்டது.